புதியவரின் பிழையும் துணை நின்றவரும்

1949-ஆம் வருஷம் மே மாதம் 6-ஆம் தேதி, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கணித ஆய்வுக்கூடத்தில் எட்ஸாக் என்னும் கணிப்பொறி, 0 முதல் 99 வரையிலான எண்களின் வர்க்கங்களை வரிசையாக அச்சிட்டுக் காட்டியபோது, அதைக் கட்டி முடித்த மாரிஸ் வில்க்ஸுக்கும் அவருடைய சகாக்களுக்கும் கஷ்டமெல்லாம் கழிந்துவிட்டதென்று தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை. ஏறக்குறைய 3,000 வால்வுகளையும் பாதரசக் குழாய்களையும் ஒருங்கே இணைத்து இயங்க வைப்பதல்லவா பெரிய காரியம். இயங்குகிற யந்திரத்துக்கு இன்னது செய்யென்று எழுதிக் கொடுப்பது, கணிதம் கற்றுக் கொஞ்சம் கவனமும் உள்ள எவருக்கும் கைவரக்கூடிய எழுத்து வேலைதானே என்பதே அந்நாளில் பொதுவாக நிலவிய நம்பிக்கை. அந்த நம்பிக்கை இரண்டு மாதம்கூட நீடிக்கவில்லை.

ஜூன் மாதத்தில் வில்க்ஸ், ஏரி என்ற வானசாஸ்திரியின் பெயரால் வழங்கும் ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்ப்பதற்காக 126 வரிகள் கொண்ட நிரலொன்றை எழுதி, நாடாவில் துளையிட்டு, யந்திரத்தில் ஏற்றினார். அது நினைத்தபடி ஓடவில்லை. அந்த நாடா பிற்காலத்தில் அகப்பட்டு, கணிப்பொறிச் சரித்திரத்தை ஆராய்ந்த மார்ட்டின் காம்ப்பெல்-கெல்லி அதை வரிவரியாகப் பரிசோதித்துப் பார்த்தபோது, அவ்வளவு சிறிய நிரலுக்குள் சுமார் இருபது பிழைகள் இருந்தன. யந்திரம் இருந்த அறைக்கும் நாடா துளைக்கும் கருவி இருந்த இடத்துக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஒரு வேளையில், தம்முடைய எஞ்சிய ஆயுளில் கணிசமான பகுதி, தாமே எழுதியவற்றில் தாமே தப்புத் தேடுவதில் கழியப்போகிறது என்ற ஞானம் மாடிப்படியின் திருப்பத்தில் தமக்கு உதயமாயிற்றென்று வில்க்ஸ் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நிரல் எழுதும் தொழிலில் குருவும் சிஷ்யனும் ஒரே நாளில் பள்ளியில் சேர்ந்தவர்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. புதியவனின் பிழைகள் என்று நாம் இன்று இளக்காரமாகச் சொல்லுகிற அத்தனையையும் முதன்முதலில் செய்து பார்த்தவர்கள், உலகத்தின் முதல் நிபுணர்களேயாவர்.

கணிப்பொறியின் பிழையென்றதும் ஹார்வர்டில் மார்க் 2 யந்திரத்துக்குள் அகப்பட்ட அந்துப்பூச்சியின் கதையைச் சொல்லாமல் விடுவோர் அபூர்வம். 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி ஒரு ரிலேயில் நசுங்கிக் கிடந்த பூச்சியை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவைத்தார்கள்; ஒட்டியபடியே அது இன்றும் வாஷிங்டனில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரசமான கதைதான். ஆனால் அது யந்திரத்தின் உடம்புக்கு நேர்ந்த உபாதை. பூச்சியை எடுத்துப் போட்டால் தீர்ந்தது. நாம் பேச வந்த பிழையோ எழுதியவன் மனத்தில் பிறந்து, அவன் கண்ணுக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, அவனுக்கு மாத்திரம் தெரியாமலிருப்பது.

எட்ஸாக் ஒரு நிரலின் நடுவே நின்றுபோனால், ஏன் நின்றதென்று சொல்லாது. அதன் ஞாபகத்தில் அந்தக் கணத்தில் உள்ளவற்றைப் புள்ளிகளாகக் காட்டும் சிறு திரை இருந்தது. ஆதிநாட்களில் நிரல் எழுதியவர்கள் செய்ததெல்லாம், அத்திரையின் எதிரே குனிந்து நின்று, கட்டளைகளை ஒவ்வொன்றாக நடக்கவிட்டுப் புள்ளிகளை எட்டிப் பார்ப்பதுதான். ஒருவர் இப்படி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை மற்றவர்களின் நாடாக்களெல்லாம் காத்துக் கிடக்கும். ஸ்டான்லி கில் என்னும் இளைஞர், 1951-இல் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில், எட்ஸாக் நிரல்களில் நேரும் தவறுகளைக் கண்டறிவது பற்றியே ஒரு தனிக் கட்டுரை எழுதி, இந்த எட்டிப்பார்த்தல் வீண்செலவென்று காட்டினார். அதற்கு மாற்றாக வந்தவை இரண்டு உபாயங்கள். நிரல் நின்றவுடன் ஞாபகத்தில் கிடந்ததை அச்சிட்டுத் தரும் துணைநிரல் ஒன்று; பிரேத பரிசோதனை என்றே அதற்குப் பெயர். மற்றொன்று கில் செய்த சோதனை நிரல்: அது மாணவனின் கட்டளைகளைத் தானே ஒவ்வொன்றாக எடுத்து நிறைவேற்றி, எந்தக் கட்டளை நடந்ததோ அதன் அடையாள எழுத்தை, கூட்டலுக்கு ஏ, கழித்தலுக்கு எஸ் என்கிறபடி, வரிசையாக அச்சிட்டுக்கொண்டே போகும். அந்த எழுத்து வரிசையை வீட்டுக்கு எடுத்துச் சென்று, தான் போக நினைத்த வழி எது, யந்திரம் போன வழி எது என்று விரல் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே வந்தால், இரண்டும் பிரிகிற இடம் ஓரிடத்தில் தெரிந்தே தீரும்.

இதற்குப் பிறகு தோன்றிய பரிகாரங்களில் பெரும்பாலானவை இந்த ஒப்பிடுதலின் வேறு வேறு உருவங்களே என்பது என் அபிப்பிராயம். தான் எழுதிய கட்டுரையின் அச்சுப் பிரதியைத் தானே திருத்த உட்காரும் ஆசிரியனுக்கு, விடுபட்ட எழுத்தும் இருப்பதுபோலவே தென்படும். தாளில் உள்ளதை அவன் படிப்பதில்லை, மனத்தில் உள்ளதையே படிக்கிறான். நிரல் எழுதப் பழகுகிறவனின் சங்கடமும் இதுவே. ஆகவே அவனுக்குச் செய்யத்தக்க உபகாரம், அவன் எழுத நினைத்ததை அவனிடமிருந்து சற்றே விலக்கி வைத்துவிட்டு, எழுதியிருப்பதை அவன் கண்ணால் காணும்படி செய்வதுதான்.

அதே 1951-இல் வில்க்ஸும் டேவிட் வீலரும் கில்லும் சேர்ந்து வெளியிட்ட பாடநூல், நிரல் எழுதும் கலைக்கு உலகில் முதன்முதலாக வந்த பாடநூல். அதில் புதியவர் இடறி விழும் குழிகளுக்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்கப்பட்டிருந்தது. 1950 முதற்கொண்டு கோடைகாலத்தில் வெளியூராருக்கும் கேம்பிரிட்ஜில் வகுப்பு நடந்தது. 1951-ஆம் வருஷத்து வகுப்புக்கு ஹாலந்திலிருந்து வந்த மாணவர்களில் ஒருவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. பிழையைப் பின்னால் தேடுவதைவிட, பிழையில்லாமல் எழுதக் கற்பதே மேல் என்று ஆயுள் முழுவதும் வாதாடியவர் அவர் என்பதை நினைத்தால், அந்தக் கோடை வகுப்பில் குழிகள் பற்றிய பாடம் அவர் காதில் நன்றாகவே விழுந்திருக்கும் போலும்.

1957-இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பாக்கஸின் குழுவினர் ஃபோர்ட்ரான் என்ற மொழியையும், அதில் எழுதியதை யந்திரத்தின் கட்டளைகளாக மொழிபெயர்க்கும் கம்பைலரையும் வெளியிட்டபோது நிலைமை மாறிற்று. அந்த ஏப்ரலில், வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் பெட்டிஸ் ஆய்வுக்கூடத்துக்குப் பெயர் விவரம் எதுவுமில்லாமல் துளையிட்ட அட்டைகளின் கட்டு ஒன்று வந்து சேர்ந்ததாம். அது அந்தக் கம்பைலராகத்தான் இருக்க வேண்டுமென்று ஊகித்து, அங்குள்ளோர் தங்கள் நிரலொன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். யந்திரம் முதன்முதலாக அவர்களுக்கு அச்சிட்டுச் சொன்ன சேதி, ஓரிடத்தில் காற்புள்ளி விடுபட்டிருக்கிறது என்பதே. அதுவரை வாய் திறவாமல் நின்றுபோய்க்கொண்டிருந்த யந்திரம், பிழை இன்ன இடத்தில் இன்னது என்று வாய் திறந்து சொல்லத் தொடங்கியதை நான் சாமானிய சம்பவமாகக் கருதவில்லை.

ஆனால் யந்திரத்தின் இந்தப் பேச்சு, பழகிய நிபுணனுக்கு உரியதாயிருந்ததேயன்றிக் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிற பிள்ளைக்கு உரியதாக இல்லை. 1960-களில் ஒரு மாணவனின் பாடு எப்படியிருந்ததென்று பார்க்கலாம். 80 பத்திகள் கொண்ட தடித்த அட்டையொன்றில் ஒரு வரி என்ற கணக்கில் நிரலைத் துளையிட்டு, கட்டாகக் கட்டி, கணிப்பொறி மையத்தின் ஜன்னலில் கொடுத்துவிட்டு வந்தால், சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ, தன் அட்டைக்கட்டோடு அச்சடித்த தாளும் சேர்ந்து அவனுக்குத் திரும்பக் கிடைக்கும். ஃபோர்ட்ரானில் கட்டளை 7-வது பத்தியில்தான் தொடங்க வேண்டும். ஒரு பத்தி முன்னால் தொடங்கிவிட்டால், முந்திய வரியின் தொடர்ச்சியென்று யந்திரம் கொள்ளும். ஓ என்ற எழுத்துக்கும் பூஜ்யத்துக்கும் தாளில் பேதம் தெரியாது, அட்டையில் உண்டு. ஐ முதல் என் வரையிலான எழுத்துகளில் தொடங்கும் பெயர்கள் முழு எண்களையே தாங்கும் என்பது விதி. முழு எண்களை வகுத்தால் மீதி போய்விடுமாகையால், ஒன்றை இரண்டால் வகுத்த மாணவனுக்கு அரைக்குப் பதிலாகப் பூஜ்யம் விடையாக வரும். எல்லாவற்றிலும் கொடியது, பெயரை ஓரிடத்தில் எழுத்துப் பிசகி எழுதுவது: அதை யந்திரம் பிழையென்று கொள்ளாமல், புதிதாக ஒரு பெயர் பிறந்ததென்று எண்ணிக்கொண்டு, அந்தப் பெயருக்குரிய இடத்தில் முன்பே கிடந்த ஏதோ குப்பை எண்ணை எடுத்துக் கணக்குப் போட்டு, அழகாக அச்சிட்டுக் கொடுத்துவிடும். ஒரு காற்புள்ளிக்கு ஒரு நாள். ஒரு பெயர்ப் பிசகுக்கு ஒரு வாரம். யந்திரத்தின் நிமிஷத்துக்கு இருந்த விலை மாணவனின் நாளுக்கு இல்லாத காலம் அது.

இந்தக் கணக்கை மாற்றிப் போட முயன்றவர்கள் சர்வகலாசாலைக்காரர்களே. நியூயார்க் மாநிலத்தில் உள்ள கார்னெல் சர்வகலாசாலையில் ரிச்சர்ட் கான்வேயும் வில்லியம் மாக்ஸ்வெல்லும் கார்க் என்றொரு மொழியை மாணவருக்கென்று அமைத்து, 1963-இல் அதைப் பற்றி எழுதினார்கள். அதன் கம்பைலர் செய்த காரியம் துணிச்சலானது. பிழையைக் கண்டதும் நின்றுவிடாமல், மாணவன் இன்னதைத்தான் எழுத நினைத்திருப்பான் என்று ஊகித்து, விட்ட குறியைத் தானே இட்டு, பிசகிய பெயரை அதற்கு மிக நெருங்கிய பெயராக மாற்றி, செய்த திருத்தத்தை மாணவனுக்கும் அறிவித்துவிட்டு, மேலே ஓடிப் பார்க்கும். எப்படியும் ஒரு நாள் காத்திருந்தவனுக்கு, முதல் வரியின் ஒரே பிழையோடு தாளைத் திருப்பிக் கொடுப்பதைவிட, கடைசி வரி வரைக்கும் போய், அகப்பட்டதையெல்லாம் சொல்லிவிடுவது தர்மமென்று அவர்கள் கருதினார்கள். 1970-களில் பிஎல்/சி என்ற பெயரில் பிஎல்/ஒன் மொழிக்கும் இதே உபகாரத்தைக் கான்வே செய்தார். பிள்ளையின் பிழையை யந்திரமே திருத்திவிட்டால் அவன் எப்படிக் கற்பான் என்று கேட்டவர்களும் உண்டு. அது நியாயமான கேள்வியே. ஆனால் நாளைக்கு ஒரு முறைதான் யந்திரத்தின் முகத்தைப் பார்க்க முடியுமென்ற நிலைமையில், அந்தக் கண்டிப்பைவிடக் கார்னெலின் தயவே மேலானதென்று எனக்குத் தோன்றுகிறது.

விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் ஐபிஎம் 1620 என்ற சிறு கணிப்பொறிக்காக ஃபார்கோ என்றொரு மாணவர் கம்பைலரும், பிறகு 1967-இல், பிழை காட்டுவதையே முக்கிய நோக்கமாகக் கொண்ட டிட்ரான் என்பதும் தோன்றின. ஆயினும் இவ்வரிசையில் மிகுந்த புகழ் பெற்றது, கனடா தேசத்து வாட்டர்லூ சர்வகலாசாலையில் 1965-ஆம் வருஷக் கோடையில் பிறந்த வாட்ஃபார். அதைச் செய்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர். கஸ் ஜெர்மன், ஜேம்ஸ் மிச்செல், ரிச்சர்ட் ஷெர்லி, ராபர்ட் ஸார்ன்கி என்ற நான்கு இளங்கலை மாணவர்கள். பீட்டர் ஷான்ட்ஸ் அவர்களை நடத்தினார். வெஸ்லி கிரஹாம் என்ற பேராசிரியர் பின்னின்று ஆதரித்தார். முந்திய வருஷங்களில் தாங்களே ஜன்னலுக்கு வெளியே அட்டைக்கட்டோடு நின்றவர்களாகையால், எந்த இடத்தில் உதவி வேண்டுமென்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஐபிஎம் கொடுத்த கம்பைலர் ஒரு நிரலைப் பல படிகளில் மொழிபெயர்த்து, துண்டுகளை இணைத்து, பிறகே ஓட்டியது. பத்து வரி எழுதிய மாணவனுக்கும் அத்தனை சடங்கும் நடந்தாக வேண்டும். வாட்ஃபார் தன்னை ஞாபகத்திலேயே இருத்திக்கொண்டு, வந்த நிரலை ஒரே மூச்சில் மொழிபெயர்த்து உடனே ஓட்டிவிட்டு அடுத்ததை அழைத்தது. இது வேகம். அதனினும் எனக்கு அதிசயமாகத் தோன்றுவது, பெயர்ப் பிசகு என்ற அந்தக் கொடிய பிழைக்கு அவர்கள் கண்ட மருந்து. ஐபிஎம் 7040 கணிப்பொறியின் ஞாபகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில், அது சிதையாமலிருக்கிறதா என்று சரிபார்ப்பதற்காக ஒரு பிட் உண்டு. அது பொருந்தாவிட்டால் யந்திரம் தானே கூச்சலிடும். வாட்ஃபார் என்ன செய்ததென்றால், மாணவனின் மாறிகள், அதாவது அவன் பெயரிட்ட எண்கள், இருக்க வேண்டிய இடங்களில் எல்லாம், ஓட்டத் தொடங்குமுன்பே, அந்தப் பிட்டை வேண்டுமென்றே தப்பாக எழுதிவைத்தது. மதிப்பு இடப்பட்ட மாறி சரியாகிவிடும். மதிப்பு இடாத மாறியை எவனாவது படிக்கப் போனால், யந்திரமே பிடித்துக் கொடுத்துவிடும். யந்திரக் கோளாற்றைக் கண்டுபிடிக்க வைத்த காவலாளியை, மனிதப் பிழைக்கும் காவலாக அமர்த்திய இந்த யுக்தியில், கோடை விடுமுறைப் பிள்ளைகளின் குறும்பும் கெட்டிக்காரத்தனமும் கலந்தே இருக்கின்றன. பின்னர் ஐபிஎம் 360 வரிசைக்கு வந்த வாட்ஃபைவில் அந்தச் சரிபார்ப்புப் பிட் உதவாமற்போகவே, மதிப்பில்லாத மாறியின் இடத்தில் யூ என்ற எழுத்தை வரிசையாக அச்சிட்டுக் காட்டினார்கள். தாள் நிறைய யூ யூ என்று வந்தால், எதற்கோ மதிப்பு இட மறந்தோமென்று அக்காலத்து மாணவன் பார்த்த மாத்திரத்தில் அறிவான். வாட்ஃபாரும் வாட்ஃபைவும் பல தேசத்துக் கல்லூரிகளுக்குப் பரவின.

நம் தேசத்திலும் இதே காலத்தில் இதே பாடம் தொடங்கிற்று. 1963 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடிக்கு ஐபிஎம் 1620 வந்தது. அங்கே ஃபோர்ட்ரான் கற்பித்தவர்களுள் ஒருவர், ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன். கூட்டல் வாய்ப்பாட்டை ஞாபகத்தில் எழுதி வைத்துக்கொண்டு அதைப் பார்த்துப் பார்த்தே கூட்டுகிற விசித்திரப் பிறவி அந்த 1620. வாய்ப்பாடு சிதைந்தால் யந்திரம் கூட்டல் கணக்கையே தப்பாகப் போடும். அத்தகைய யந்திரத்தை வைத்துக்கொண்டு, கணிப்பொறியென்ற ஒன்றைப் புகைப்படத்தில்கூடப் பார்த்திராத இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுத்த அனுபவத்தோடு, 1969-இல் ராஜாராமன் நிரலாக்கத்துக்கு ஒரு பாடநூல் வெளியிட்டார். அதற்குப் பின்னரும் பல நூல்களை எழுதினார். அந்தப் புத்தகங்களை ஒரு முறையாவது புரட்டாத கணிப்பொறி மாணவர், அதற்கடுத்த இரண்டு தலைமுறைகளில் இந்தியாவில் குறைவு.

இதுவரை சொன்னவை யந்திரம் செய்த உதவி. மனிதர் மனிதருக்குச் செய்த உதவி ஏட்டில் ஏறாததாகையால், அதன் சரித்திரத்தை எழுதுவது கடினம். நல்லவேளையாக, ஜெரால்டு வைன்பர்க் 1971-இல் வெளியிட்ட நிரலாக்க உளவியல் பற்றிய புத்தகத்தில் ஒரு சம்பவம் பதிவாகியிருக்கிறது. ஒரு சர்வகலாசாலையின் கணிப்பொறி மையத்தில், மாணவர்கள் தங்கள் அச்சுத்தாள்களுக்காகக் காத்திருக்கும் பெரிய கூடமொன்று இருந்தது. அதன் ஓர் ஓரத்தில், காசு போட்டால் பானமும் தின்பண்டமும் தரும் யந்திரங்கள் சில. சந்தேகம் கேட்பவர்களுக்காக முதுநிலை மாணவர் இருவர் அடங்கிய ஆலோசனைப் பிரிவும் அங்கேயே இருந்தது. தின்பண்ட யந்திரங்களைச் சுற்றி எந்நேரமும் பிள்ளைகள் கூடிச் சிரித்துப் பேசி இரைச்சல் போடுகிறார்களென்றும், வேலை செய்ய முடியவில்லையென்றும் சிலர் முறையிட, மையத்தின் நிர்வாகி அவற்றை அப்புறப்படுத்தி வேறிடத்தில் வைக்கச் செய்தார். கூடம் நிசப்தமாயிற்று. கொஞ்ச நாளைக்குள் வேறொரு முறையீடு எழுந்தது: ஆலோசனைக்கு ஆள் போதவில்லை, வரிசை நீண்டுகொண்டே போகிறது. மாணவர் தொகையும் கூடவில்லை, பாடமும் மாறவில்லை. பின் ஏன் இந்த நெருக்கடி என்று விசாரித்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. இரைச்சலென்று எண்ணப்பட்டது, ஒருவன் தாளை மற்றொருவன் வாங்கிப் பார்த்து, போன வாரம் எனக்கும் இப்படித்தான் ஆயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்த சத்தம். ஆலோசகர் இருவருக்கும் தெரியாமலே, அவர்களுடைய வேலையில் பெரும்பகுதியை அந்தக் கும்பல் சம்பளமில்லாமல் செய்து முடித்துக்கொண்டிருந்தது. நிர்வாகியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எந்த நிர்வாகியின் கண்ணுக்கும் சிரித்துக்கொண்டு நிற்கும் மாணவன் வேலை செய்பவனாகத் தென்படமாட்டான்.

யந்திரத்தின் நேரம் மலிவாகத் தொடங்கியபோது, காத்திருத்தல் என்பதையே ஒழித்துவிட முடியுமா என்று டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் ஆலோசித்தார்கள். கர்ட்ஸ் ஒரு காலத்தில் அட்டைகளை எடுத்துக்கொண்டு ரயிலேறி, மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியின் யந்திரத்தில் ஓட்டிவரப் போனவர். ஒரு காற்புள்ளியின் விலையை அவர் அறிவார். 1964 மே 1-ஆம் தேதி விடியற்காலை நான்கு மணிக்கு, இரண்டு டெலிடைப்புகளிலிருந்து அவர்கள் வகுத்த பேஸிக் என்ற மொழியில் எழுதிய இரண்டு நிரல்கள் ஒரே சமயத்தில் ஓடின. பிழைச் செய்திகள் தெளிவாகவும் சிநேக பாவத்தோடும் இருக்க வேண்டுமென்பது அம்மொழியை வகுத்தபோதே ஏற்றுக்கொண்ட கொள்கைகளில் ஒன்று. ஃபார் இல்லாமல் நெக்ஸ்ட் வந்திருக்கிறதென்று வரி எண்ணோடு யந்திரம் சொல்லும். மாணவன் அந்த வரியை மாத்திரம் திருத்தி மறுபடி ஓட்டுவான். ஒரு நாள் ஒரு நிமிஷமாகச் சுருங்கிற்று.

இதற்கு மூன்று வருஷம் கழித்து, பாஸ்டனுக்கு அருகில், வாலஸ் ஃபோயர்ட்ஸைக், ஸெய்மூர் பாப்பர்ட், சிந்தியா ஸாலமன் ஆகியோர் குழந்தைகளுக்கென்று லோகோ மொழியைச் செய்தார்கள். அறியாத சொல்லைக் கேட்டால், இதை எப்படிச் செய்வதென்று எனக்குத் தெரியவில்லை என்று அது பணிவாகப் பதில் சொல்லும். லோகோவின் கட்டளைப்படி நகர்ந்து கோடு வரையும் ஆமையைக் கொண்டு சமபக்க முக்கோணம் போட முயலும் குழந்தை, அதன் கோணம் 60 பாகை என்று பாடத்தில் படித்ததை நினைத்து, ஒவ்வொரு முனையிலும் 60 பாகை திரும்பச் சொல்லும். ஆமை முக்கோணத்தை மூடாமல், அறுகோணத்தில் பாதியைப் போட்டுவிட்டு நிற்கும். இங்கே பாப்பர்ட் சொன்ன வைத்தியம், விடையைச் சொல்லிவிடுவதன்று. குழந்தையே எழுந்து ஆமையாக நடந்து பார்க்க வேண்டும். நடந்தால், முனையில் தன் உடம்பு 60 அன்று, 120 பாகை திரும்புகிறதென்று கால்களுக்கே தெரிந்துவிடுகிறது. பிழையை மறைக்கவும் அழிக்கவும் வேண்டியதில்லை, அதை வைத்துக்கொண்டு யோசிக்கலாம் என்று 1980-இல் வெளியான தம் புத்தகத்தில் அவர் விரிவாக வாதித்தார். மார்க்கு அட்டையையே வித்தையென்று கொண்ட பள்ளிக்கூடங்களுக்கு இந்த வாதம் எளிதில் செரிக்கவில்லை.

வீட்டுக் கணிப்பொறிகள் வந்த காலத்தில் இந்த மரியாதையெல்லாம் சற்றுப் பின்னடைந்தது. 1975-இல் ஆல்டேர் கணிப்பொறிக்கு வந்த பேஸிக், மிகச் சிறிய ஞாபகத்துக்குள் அடங்க வேண்டியிருந்ததால், பிழையை இரண்டே எழுத்துகளில் சொல்லிற்று: இலக்கணப் பிழையென்றால் எஸ்என். இடம் இல்லாதபோது முதலில் வெட்டப்படுவது உபசார வார்த்தைதான் போலும்.

பிழைகளை ஒரு சாஸ்திரமாகவே ஆராயத் தொடங்கியது 1980-களில். யேல் சர்வகலாசாலையில் எலியட் ஸோலோவேயும் அவரைச் சேர்ந்தவர்களும், மழையளவுகளைப் படித்து, 99999 என்ற எண் வந்ததும் நிறுத்தி, சராசரி சொல்லுகிற ஓர் எளிய கணக்கை மாணவருக்குக் கொடுத்து, அவர்கள் எழுதிய நிரல்களைச் சேகரித்துப் பிழைகளுக்கு ஜாபிதாவே தயாரித்தார்கள். நிறுத்தக் குறியான 99999-ஐயும் மழையாக எண்ணிக் கூட்டிவிடுவது ஒரு பிழை. ஒரு நாளும் மழையளவு கொடுக்கப்படாவிட்டால் பூஜ்யத்தால் வகுக்க நேருமென்று நினையாதது மற்றொன்று. இவற்றைத் தானே கண்டுபிடித்து, மாணவன் எதை எண்ணி இப்படி எழுதினான் என்று ஊகிக்கிற ப்ரூஸ்ட் என்ற நிரலையும் அவர்கள் எழுதிப் பார்த்தார்கள்.

1986-இல் ராய் பீ என்ற ஆராய்ச்சியாளர் இன்னும் ஆழமாகப் போனார். அளவு பத்தானால் வணக்கம் என்று அச்சிடு என ஒரு வரி எழுதி, அதன் கீழே அளவை ஒன்றிலிருந்து பத்து வரை ஏற்றிக்கொண்டு போகும் சில வரிகளை எழுதி மாணவரிடம் காட்டினால், அளவு பத்தானவுடன் வணக்கம் அச்சாகுமென்று பலர் சொன்னார்கள். மேலே போன வரி மேலேயே இருந்து கீழே நடப்பதைக் கண்காணித்துக்கொண்டிருக்கிறதென்று அவர்கள் எண்ணம். இதையும் இதுபோன்றவற்றையும் ஆராய்ந்து, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே பெரும் பிழை இருக்கிறதென்று பீ சொன்னார். யந்திரத்துக்குள் ஒரு மனம் ஒளிந்திருக்கிறது, நான் சொன்னதை மாத்திரமின்றிச் சொல்ல நினைத்ததையும் அது புரிந்துகொள்ளும் என்ற நம்பிக்கையே அது. எனக்குத் தெரியவில்லை என்று தன்னிலையில் பேசிய லோகோவும், நினைத்ததை ஊகித்துத் திருத்திய கார்னெலின் கம்பைலரும், தங்கள் நல்லெண்ணத்தாலேயே இந்த நம்பிக்கைக்குக் கொஞ்சம் நீர் வார்த்திருக்கக்கூடும் என்று நான் சந்தேகிப்பதுண்டு. உபகாரத்துக்குள் இப்படி ஓர் அபகாரமும் ஒளிந்திருப்பதை, செய்தவர்கள் அப்போது அறிந்திருக்க நியாயமில்லை.

பிரயன் கெர்னிகனும் ராப் பைக்கும் 1999-இல் எழுதிய நூலில் வேறொரு சர்வகலாசாலையைப் பற்றிச் சொல்லுகிறார்கள். அங்கே உதவி மேஜைக்கு அருகில் ஒரு கரடிப் பொம்மை வைத்திருந்தார்கள். மர்மமான பிழையோடு வருகிற மாணவன் முதலில் அந்தக் கரடியிடம் தன் நிரலை விளக்க வேண்டும். அதன் பிறகே மனிதரிடம் பேசலாமென்பது ஏற்பாடு. கரடிக்கு மனமில்லையென்பது மாணவனுக்குத் தெரியும். அது எதையும் ஊகித்துக்கொள்ளாதென்றும் தெரியும். ஆகவே வரிவரியாக, உள்ளதை உள்ளபடி சொல்லியாக வேண்டும். சொல்லிக்கொண்டு போகும்போதே பாதியில் நிறுத்தித் தாளை மடித்துக்கொண்டு திரும்பிப் போகிறவர்கள் இருந்திருப்பார்கள். கில்லின் சோதனை நிரல் எழுத்தெழுத்தாக அச்சிட்டுச் செய்த வேலையைத்தான் அந்தக் கரடி, ஒன்றும் செய்யாமலே செய்தது.

1991-இல் வெளியான பைத்தான் மொழியில், அடைப்புக்குறியைத் திறந்து மூட மறந்த மாணவனுக்கு, முப்பது வருஷ காலம், இலக்கணம் சரியில்லை என்ற ஒற்றை வாக்கியமே கிடைத்துவந்தது. அதுவும் பிழை இருந்த வரியைச் சுட்டாமல் அதற்கடுத்த, குற்றமற்ற வரியைச் சுட்டிற்று. அந்த நல்ல வரியை மணிக்கணக்காக முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்த புதியவர்கள் எத்தனை பேரோ. 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பில்தான், இந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை என்று, திறந்த இடத்தையே காட்டிச் சொல்ல ஏற்பாடு செய்தார்கள். பெயரை எழுத்துப் பிசகி எழுதினால், அதற்கு நெருங்கிய பெயரைக் காட்டி, இதையா சொல்ல வந்தீர்கள் என்று அது கேட்கவும் செய்கிறது. 1963-இல் கார்னெலின் யந்திரமும் அந்த நெருங்கிய பெயரைக் கண்டுபிடிக்கவே செய்தது. கண்டுபிடித்ததும் அது தானே மாற்றிக்கொண்டு ஓடிவிட்டது; பைத்தான் மாற்றாமல் நின்று, மாணவன் பதிலுக்குக் காத்திருக்கிறது. அப்படிக் காத்திருப்பதற்கு இப்போது யந்திரத்துக்கு நேரம் இருக்கிறது.